மூன்றாம் படியில் இரண்டு காலிக் கட்டங்கள்

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை, மாலை ஐந்தே கால் மணிக்கு, நகர நூலகத்தின் கீழ்த்தளத்தில், இருநூற்றுப் பன்னிரண்டாம் எண் மேசையில் லாடம் இறந்தான். குகை வாசலில் மேலிருந்து விழுந்த பாறை காரணம் என்று மேசைக் குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது. பகடையில் விழுந்த எண் ஒன்று.

லாடம் ஒரு குதிரை லாடக்காரன். பதினோரு வருடம் உயிரோடு இருந்தான். இருந்ததெல்லாம் ஒரு தாளில்.

மேசைக் கதையாட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐந்தாறு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு கதையை வாயாலேயே நடத்துவது அது. ஒருவர் கதை நடத்துநர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை வைத்துக்கொண்டு அதன் சார்பில் பேசுவார்கள், அடிப்பார்கள், ஓடுவார்கள், மந்திரம் போடுவார்கள். எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதைப் பகடை சொல்லும். பாத்திரத்தின் பலம், காயம், கற்ற மந்திரங்கள் எல்லாம் ஒரு தாளில் இருக்கும். ஒரு காலத்தில் இந்தத் தாளைப் பென்சிலில் எழுதி, ரப்பரால் அழித்து, டீக்கறையோடு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்கள். பிறகு கூட்டமைப்பு வந்தது.

மேசைக் கதையாட்டக் கழகங்களின் கூட்டமைப்புக்கு இன்று நான்கு மாடிக் கட்டடம் இருக்கிறது. ஒவ்வொரு பாத்திரமும் அங்கே பதிவு பெற வேண்டும். தாளில் என்ன மாற்றம் வந்தாலும் மூலையில் அழுத்து முத்திரை விழ வேண்டும். மை இல்லாமல் காகிதத்தையே புடைக்க வைக்கும் முத்திரை அது. முத்திரை இல்லாத மாற்றம் “நிகழாததாகக் கருதப்படும்” என்று விதி சொல்கிறது. முத்திரை உள்ள பாத்திரம் எந்த ஊரின் எந்த மேசையிலும் போய் உட்காரலாம். முத்திரை இல்லாத மாற்றத்தை ஏற்றுக்கொண்ட மேசை தன் எண்ணை இழக்கும், எண்ணோடு நூலகத்தின் கீழ்த்தளத்தையும் இழக்கும்.

லாடத்தை ஆடியவர் கிடங்கு ஒன்றில் கிரேன் ஓட்டுபவர், வயது நாற்பத்தொன்று. இருதய வால்வு ஒன்று சரியாக மூடவில்லை. அன்று நூலகத்தின் பதினெட்டுப் படிகளை இறங்குவதற்குள் இரண்டு முறை நின்றார். பாறை விழுந்ததும் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். திரும்பும்போது பேருந்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. திங்கட்கிழமை மருத்துவர் அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறித்தார்: செப்டம்பர் இரண்டு.

அதே மேசையில் அவருடைய அக்காவும் ஆடுகிறார். பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்து கொடுப்பது அவர் தொழில். தெருவில் எல்லோரும் அவரைப் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், தபால்காரர் உட்பட.

திங்கட்கிழமை மாலை பல்லக்கா தம்பி வீட்டுக்குப் போனார். தம்பி கட்டிலில் மூன்று தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டும்.

“அக்கா, நீ எழுப்பிடுவல்ல அவன?”

“எழுப்பிடறேன்டா.”

“முத்திரையோட.”

“முத்திரை எதுக்குடா இப்ப? நம்ம மேசை, நம்ம நடத்துநர். எழுந்துட்டான்னு சொன்னா எழுந்துட்டான்.”

“பதினோரு வருஷம் ஒரு வரி திருட்டுத்தனமா எழுதாம வச்சிருக்கேன்க்கா. பொய்யா எழுந்து நிக்கிறதுக்கு அவன் செத்தே கெடக்கட்டும்.”

மருந்து டப்பாவில் மாத்திரைகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த தம்பி மனைவி நிமிர்ந்தாள். “அண்ணி, செத்தது காகிதத்துல இருக்கிற ஆளுதானே? இவருக்கு நெஞ்சைப் பிளக்கப் போறாங்கன்னு டாக்டர் சொன்னப்பகூட இப்படி முகம் சுருங்கல.”

தம்பி சுவரைப் பார்த்தபடி சொன்னார்: “நான் உள்ள போறப்ப அவன் வெளிய நிக்கணும். ரெண்டு பேருமே படுத்துக் கெடந்தா எப்படி?”

மனைவி மருந்து டப்பாவுக்குத் திரும்பினாள். செவ்வாய்க்கிழமைக் குழியில் இரண்டு மாத்திரைகள் அதிகமாகப் போட்டிருந்ததைப் பார்த்து எடுத்தாள்.

விதிப்படி, இறந்த பாத்திரத்தை அடுத்த மூன்று அமர்வுகளுக்குள் எழுப்பியாக வேண்டும். அமர்வு சனிக்கிழமைதோறும். ஆக, ஆகஸ்ட் முப்பது கடைசி நாள்.

பல்லக்காவின் பாத்திரம் ஒரு மருத்துவச்சி. ஆட்டத்தில் மந்திரம் கற்கப் பல வழிகள் உண்டு. அவற்றில் அருள் வழி என்பது வேண்டுதலால் வருவது. ஏட்டு வழி என்பது புத்தகத்தைப் படித்துக் கற்பது. மருத்துவச்சி அருள் வழியில் மூன்று நிலைகள் ஏறியிருந்தாள். அப்போது மேசையின் பாத்திரங்கள் சேர்ந்த கோஷ்டி இருட்டுக் குகைகளில் சிக்கித் தடுமாறிக்கொண்டிருந்தது. விளக்கேற்றும் மந்திரம் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. சரி, நான் கற்றுக்கொள்கிறேன் என்று பல்லக்கா ஏட்டு வழிக்கு மாறி இரண்டு நிலைகள் ஏறினார். மூன்றும் இரண்டும் ஐந்து. மந்திரங்களை வலுவுக்கேற்பப் படிகளாகப் பிரித்திருக்கிறார்கள்; ஐந்து நிலை உள்ளவரின் தாளில் மூன்றாம் படிக் கட்டங்கள் இரண்டு அச்சாகும். ஒரு கட்டத்துக்கு ஒரு மந்திரம் போடலாம். போட்டதும் அதில் பேனாவால் ஒரு கோடு. செத்தவரை எழுப்பும் மந்திரம் மூன்றாம் படியைச் சேர்ந்தது. பல்லக்காவின் தாளில் மூன்றாம் படிக் கட்டங்கள் இரண்டும் காலியாக இருந்தன. இருப்பதற்குக் கூட்டமைப்பின் முத்திரையும் இருந்தது. எனவே எழுப்பலாம் என்று அவர் நினைத்தார். அவர் செய்த தவறு இதுதான்.

புதன்கிழமை காலை கூட்டமைப்பு அலுவலகத்தின் முதல் மாடியில், ஏழாம் சன்னலில், எழுத்தர் தாளை வாங்கிப் பார்த்தார்.

“நீங்க இருவழியாளரா?”

“ஆமாங்க.”

“இருவழியாளர் இந்தச் சன்னல் இல்ல.”

“எந்தச் சன்னல்?”

“ஒன்பது.”

ஒன்பதாம் சன்னலிலும் அவரே வந்து உட்கார்ந்தார். முகத்தில் முன்பின் பார்த்த அடையாளம் இல்லை.

“சொல்லுங்க.”

“மூணாம் படி மந்திரம் ஒண்ணு தாள்ல சேர்க்கணும்.”

“எந்த வழியில கத்துக்கிட்டீங்க?”

“அருள் வழி.”

“அருள் வழியில உங்களுக்கு நிலை மூணு. மூணு நிலைக்கு ரெண்டாம் படி வரைக்கும்தான் கத்துக்கலாம்.”

“மொத்தம் அஞ்சு நிலைங்க. கட்டமே கொடுத்திருக்கீங்களே.”

“கட்டத்துக்குக் கூட்டுவோம். கத்துக்கிறதுக்குக் கூட்ட மாட்டோம்.” எழுத்தர் இதை எத்தனையோ முறை சொன்னவர்; குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. “ஒவ்வொரு வழியிலயும், அந்த ஒரு வழி மட்டுமே உங்களுக்குத் தெரியும்ங்கிற மாதிரி கத்துக்கணும்.”

“அப்ப இந்த ரெண்டு கட்டத்துல நான் என்ன வைக்கிறது?”

“அது உங்க சௌகரியம்.”

விதிவிலக்கு கோரி விண்ணப்பிக்கலாம் என்றார். அதற்கு மூன்று இணைப்புகள் வேண்டும்: மந்திரத்தை அருளும் தெய்வத்தின் சம்மதக் கடிதம், இருவழியாளர் விழிப்புணர்வு வகுப்பில் கலந்துகொண்ட சான்று, வழிப் பிரிப்புத் தேர்வில் தேறிய சான்று.

மருத்துவச்சியின் தெய்வம் மலையடிவாரத்து ஊற்று ஒன்று. ஆட்டத்தில் அந்த ஊற்றுக்காகப் பேசுபவர் நடத்துநர். அவர் பகலில் வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்ப்பவர். வியாழக்கிழமை மதிய இடைவேளையில், ஒரு வீட்டு மதிலில் தாளை வைத்து, ஊற்று சம்மதிப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“தெய்வம்னு எழுதி, கீழ என் பேரப் போட்டா வீட்டுல சிரிப்பாங்கக்கா.”

“போடுங்க தம்பி. நீங்க தண்ணிக்குத்தானே பொறுப்பு.”

அன்று மாலையே கடிதம் திருப்பப்பட்டது. கையெழுத்திட்டவர் நடத்துநராக இட்டாரா, தெய்வமாக இட்டாரா என்பது தெளிவாக இல்லை. நடத்துநராக என்றால் அவருக்கு அருளும் அதிகாரம் இல்லை. தெய்வமாக என்றால் மாதிரிக் கையெழுத்து கோப்பில் இல்லை. நடத்துநர் அரை நாள் விடுப்பு எடுத்து வந்து, எழுத்தர் முன்னிலையில் ஊற்றாகவே மூன்று முறை கையெழுத்திட்டார். மூன்றும் ஒன்றுபோல் இல்லை என்று எழுத்தர் தயங்கினார். “ஊத்துங்க அது. ஒரே மாதிரியா ஓடும்?” என்று நடத்துநர் கேட்டார். எழுத்தர் சிறிது யோசித்து, அந்த வாதத்தை ஏற்றுக் கோப்பில் குறித்துக்கொண்டார். மொத்தக் கூட்டமைப்பிலும் பல்லக்காவுக்குச் சாதகமாக முடிந்த ஒரே விஷயம் அது.

பதினாறாம் தேதி சனிக்கிழமை முதல் அமர்வு கழிந்தது. கோஷ்டி லாடத்தின் உடலைக் கம்பளியில் சுற்றிக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டது. தம்பியின் நாற்காலி காலியாக இருந்தது.

விழிப்புணர்வு வகுப்பு பத்தொன்பதாம் தேதி, மூன்றாம் மாடிக் கருத்தரங்கக் கூடத்தில். இருவழியாளர்கள் பதினான்கு பேர் வந்திருந்தார்கள். பேசியவர் கூட்டமைப்பின் விதி ஆலோசகர். மெலிந்த மனிதர், பேசும்போது மேசையில் இருந்த குண்டூசிப் பெட்டியை நேராக்கிக்கொண்டே இருந்தார்.

“நான் இந்த ஆட்டத்தை ஒரு தடவைகூட ஆடினதில்ல,” என்று ஆரம்பித்தார். “அதை ஒரு குறையா நினைக்காதீங்க. அது என் தகுதி. ஆடினவங்களுக்குப் பாத்திரங்க மேல பாசம் வந்துடும். பாசம் வந்தா விதி தளரும். எனக்கு எந்தப் பாத்திரம் செத்தாலும் ஒண்ணும் ஆகாது.”

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கச் சொன்னதும் இல்லை அது.

“கற்பனைக்கு எல்லை இல்லைன்னு வெளிய பேசிக்கிறாங்க. எல்லை இல்லாத இடத்துல அலுவலகம் எப்படிங்க நடத்துறது? நாங்க வர்றதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு? ஒருத்தர் ஒரு வழியில பாதி படிப்பாரு, இன்னொரு வழியில பாதி படிப்பாரு, ரெண்டு பாதியையும் சேர்த்து ஒரு முழு ஆளு மாதிரி நடந்துக்குவாரு. இருவழியாளர் ஒரு ஆள் இல்ல. ரெண்டு அரைகுறைகள் ஒரே சட்டையைப் போட்டுக்கிட்டு வர்றாங்க. அதைப் புரிஞ்சுக்கிட்டாப் பாதிப் பிரச்சினை தீரும்.”

பின்வரிசையில் ஒருவர் கை தூக்கி, மீதிப் பாதி எப்படித் தீரும் என்று கேட்டார். அதற்குத் தனி வகுப்பு இருப்பதாக ஆலோசகர் சொன்னார்.

வழிப் பிரிப்புத் தேர்வு இருபத்திரண்டாம் தேதி. பக்கத்து அறையில் இரண்டு மேசைகள் போட்டிருந்தார்கள். ஒன்றில் அருள் என்றும் மற்றதில் ஏடு என்றும் அட்டை. ஒரு மேசையிலிருந்து மற்றதற்கு நேராகப் போகக் கூடாது. வெளியே போய், தாழ்வாரத்தைச் சுற்றி, மறு கதவு வழியாக வர வேண்டும். வரும் வழியில் முன்னதை மறந்துவிட வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது.

பல்லக்கா முதலில் அருள் மேசையில் உட்கார்ந்தார். தேர்வாளர் ஒரு குப்பியை முன்னால் வைத்தார்.

“இதுல என்ன இருக்கு?”

“விஷம்.”

“எப்படித் தெரியும்?”

“எழுதி ஒட்டியிருக்கே.”

“எழுத்து நீங்க ஏட்டு வழியில கத்துக்கிட்டது. இந்த மேசையில உங்களுக்குப் படிக்கத் தெரியாது.” தேர்வாளர் ஏதோ குறித்துக்கொண்டார். “மறுபடி கேக்கறேன். இதுல என்ன இருக்கு?”

“தெரியல.”

“உங்களுக்குத் தாகமா இருக்கு. என்ன செய்வீங்க?”

“குடிக்கணுங்களா?”

“தெரியாதவங்க குடிப்பாங்க.”

பல்லக்கா குடித்தார். வெறும் தண்ணீர்தான், கொஞ்சம் பிளாஸ்டிக் வாடை அடித்தது. தாழ்வாரத்தைச் சுற்றி ஏட்டு மேசைக்கு வந்தார். அங்கே இன்னொரு தேர்வாளர், எதிரில் மாவுக்கட்டு போட்ட ஒரு பொம்மைக் கை.

“இவருக்கு அடிபட்டிருக்கு.”

பல்லக்கா கையை நீட்டினார்; பிறகு தாமாகவே இழுத்துக்கொண்டார். “எனக்கு வைத்தியம் தெரியாதுங்க.”

“வலியில கத்துறாரு.”

“பாவம்.”

“பாவம்னு தோணுறது எந்த வழி?”

பல்லக்காவுக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு நான்கு மதிப்பெண். மற்றவற்றில் எடுத்ததை வைத்து அவர் தேறினார். அன்று இரவு தம்பி வீட்டில் மருந்துச் சீட்டைக் கையில் எடுத்தவர், சற்று நேரம் படிக்காமல் வெறுமே பார்த்துக்கொண்டிருந்ததாகத் தம்பி மனைவி பிறகு சொன்னாள்.

இருபத்து மூன்றாம் தேதி இரண்டாவது அமர்வும் கழிந்தது. கழுதை சோர்ந்துபோனது என்று குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது. இருபத்தேழாம் தேதி தம்பியை மருத்துவமனையில் சேர்த்தார்கள். நான்காம் மாடி, ஜன்னலோரப் படுக்கை. பார்வை நேரத்தில் பல்லக்கா போனதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

“எந்திரிச்சிட்டானா?”

“வெள்ளிக்கிழமை விசாரணைடா. கிடைச்சிரும்.”

“கிடைக்கும்க்கா. அவங்க மெதுவா செய்வாங்க. ஆனா சரியா செய்வாங்க.” பேசும்போது இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு வாங்கினார். கால்கள் வீங்கிக் கணுக்கால் எலும்பு தெரியவில்லை.

வாசல்வரை வந்த தம்பி மனைவி குரலைத் தாழ்த்தினாள். “அண்ணி, நூத்துக்கு எழுபதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. இவர்கிட்ட அதைச் சொன்னா, பகடையில அது நல்ல எண்ணுதான்ங்கறாரு. எனக்கு அந்த ஆட்டமும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஆனா அந்தக் காகிதத்தை மட்டும் எப்படியாவது வாங்கிட்டு வந்துடுங்க. அது இல்லாம இவரு மனசு அங்கயேதான் கெடக்கும்.”

இருபத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரைக்கு, நான்காம் மாடியில், இருவழி மந்திரக் கற்றல் உபகுழு கூடியது. ஐந்து உறுப்பினர்கள். நடுவில் தலைவர், பருத்த, கனிவான முகமுள்ள மனிதர். பல்லக்காவை உட்காரச் சொல்லி, தண்ணீர் குடிக்கிறீர்களா என்றும் கேட்டார். பல்லக்கா வேண்டாம் என்றார்.

“உங்க மனுவைப் படிச்சேன். மனசு கனத்துப் போச்சு,” என்றார் தலைவர். “ஆனா மனசு கனக்கிறது மனுதாரருக்குச் சாதகமா எடுத்துக்கப்படாதுன்னு விதியில இருக்கு. அந்த விதியை எழுதினதே நான்தான். எழுதுறப்பவும் மனசு கனத்துச்சு.”

“ஐயா, என் தாள்ல மூணாம் படிக் கட்டம் ரெண்டு இருக்குன்னு நீங்களே முத்திரை போட்டுக் கொடுத்திருக்கீங்க.”

“இருக்கு. யாரும் மறுக்கல.”

“அதுல வைக்க மந்திரம்?”

“அது இல்ல.”

“அப்ப அந்தக் கட்டம் எதுக்குங்க?”

தலைவர் மற்ற உறுப்பினர்களைப் பார்த்துப் புன்னகைத்தார், குழந்தை கேட்ட நல்ல கேள்வி என்பதுபோல. “அஞ்சு அறை வீடு ஒண்ணு கொடுத்திருக்கோம்னு வச்சுக்கங்க. வீடு உங்களுதுதான். ஆனா கட்டில் வாங்குறப்ப நீங்க ஒரு தடவை மூணு அறைக் குடும்பம், இன்னொரு தடவை ரெண்டு அறைக் குடும்பம். அஞ்சு அறைக்கான கட்டில் உங்களுக்குத் தர முடியாது. அதுக்காக வீட்டைத் திருப்பி எடுத்துக்கிட்டோமா? இல்லையே.”

“ஏட்டு வழியை விட்டுட்டா?”

“அப்ப மூணு நிலைதான். கட்டமும் போயிடும்.”

“அருள் வழியில இன்னும் ரெண்டு நிலை ஏறினா?”

உறுப்பினர் ஒருவர் அட்டவணையைப் பார்த்தார். வாரம் ஓர் அமர்வு என்று கணக்கிட்டால் ஒன்றரை வருடம் ஆகும் என்றார்.

“நாளைக்குத்தாங்க கடைசி அமர்வு. செவ்வாய்க்கிழமை என் தம்பிக்கு நெஞ்சுல ஆபரேஷன்.”

“எந்தத் தம்பி?” என்று தலைவர் கோப்பைப் புரட்டினார். “பாத்திரமா, ஆளா?”

“ஆளுங்க.”

“ஆள் எங்க வரம்புக்குள்ள வர மாட்டாரு,” என்றார் தலைவர் வருத்தத்தோடு. “பாருங்கம்மா, இந்தக் கூட்டமைப்பு யாரையும் சாக விடணும்னு நினைக்கல. ஆனா செத்தவங்க விஷயத்துல நாங்க அவசரப்படறதும் இல்ல. ஏன்னா அவங்களுக்கு அவசரம் கிடையாது. ஒருத்தருக்கு இரக்கப்பட்டோம்னா நாளைக்குச் செத்தவங்க எல்லாம் வரிசையில வந்து நிப்பாங்க.”

உபகுழு பத்து நிமிடம் தனியே கூடிப் பேசியது. முடிவைத் தலைவரே வாசித்தார். மனு தள்ளுபடி. எனினும் மனுதாரரின் சிரமத்தைக் கருத்தில் கொண்டு, அவர் தம் மூன்றாம் படிக் கட்டத்தில், தாம் ஏற்கனவே அறிந்த கீழ்ப்படி மந்திரமான காயம் ஆற்றலை, கூடுதல் வலுவோடு இடலாம். இதற்கு எந்தத் தடையும் இல்லை. தனி விண்ணப்பமும் தேவையில்லை.

“செத்தவருக்குக் காயம் ஆறி என்னங்க பண்ணும்?”

“நல்லா ஆறும்,” என்றார் தலைவர். “மூணாம் படி வலு. தழும்புகூடத் தெரியாது.”

எழுத்துப்பூர்வமான ஆணை முப்பது வேலை நாட்களில் தபாலில் வரும் என்று சொல்லி அடுத்த மனுவைக் கூப்பிட்டார்கள்.

சனிக்கிழமை காலை பல்லக்கா வழக்கம்போல ஒன்பது மணிக்குப் பட்டறையைத் திறந்தார். மேல் வரிசைப் பல் செட் ஒன்று முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது, அதை முடித்தார். பிறகு கதவைச் சாத்தி, தன் பாத்திரத் தாளை மேசைமேல் விரித்தார். மூலையில் முத்திரை புடைத்துக்கொண்டிருந்தது: நடுவில் திறந்த புத்தகம், சுற்றிலும் எழுத்து. விரலால் தடவிப் பார்த்தார்.

வாய்க்குள் இருக்கும் மேடு பள்ளத்தை மயிரிழை பிசகாமல் அச்செடுப்பது அவருக்கு இருபது வருடப் பழக்கம். அச்செடுக்கும் பசையைக் குழைத்து முத்திரை மேல் மெல்லப் பரப்பினார். இறுகியதும் உரித்து, அதில் கல் பிளாஸ்டர் ஊற்றினார். முன்பக்கத்துக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று. பிளாஸ்டரிலிருந்து ஈறு செய்யும் பொருளில் இரண்டு வார்ப்புகள் எடுத்தார். அந்தப் பொருளில் அவரிடம் வேறு நிறம் இல்லாததால் முத்திரையச்சு இளஞ்சிவப்பாக இருந்தது. ஓர் எழுத்தின் ஓரம் மழுங்கியிருந்தது, மூலத்திலேயே அப்படித்தான். பல் முனையைச் சீராக்கும் சிறு அரத்தால் அதைத் திருத்தினார். பிறகு, விசாரணைக்காகத் தம்பியிடம் வாங்கி வைத்திருந்த லாடத்தின் தாளை எடுத்தார். நிலை என்ற இடத்தில், “இறப்பு” என்பதற்குக் கீழே “மீட்டெழுப்பப்பட்டார்” என்று எழுதி, இரண்டு வார்ப்புகளுக்கும் நடுவில் மூலையை வைத்து, பல் செட் அழுத்தும் இரும்புத் திருகியில் பொருத்தி முறுக்கினார். தன் தாளில் எழுப்பும் மந்திரத்தைச் சேர்த்து, அதையும் அப்படியே முறுக்கினார். மணி ஒன்றே முக்கால்.

மாலை நூலகத்தின் கீழ்த்தளத்தில் நடத்துநர் இரண்டு தாள்களையும் விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“இது எப்பக்கா வந்துச்சு?”

“காலையில.”

“சனிக்கிழமை ஆபீஸ் கிடையாதே.”

பல்லக்கா பேனாவின் மூடியைக் கழற்றினார். நடத்துநர் தாள்களைக் கீழே வைத்தார். “சரி,” என்றார். “மலையடிவாரத்துல ஊத்து சத்தம் கேக்குது. என்ன பண்றீங்க?”

பல்லக்கா மூன்றாம் படிக் கட்டம் ஒன்றில் கோடு போட்டார். லாடம் எழுந்து கழுதையைத் தேடினான்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி அந்தத் தாளை இரண்டு கைகளாலும் வாங்கினார். படித்தார். கட்டை விரலால் முத்திரையைத் தடவினார், நிறுத்தினார், மறுபடி தடவினார்.

“நல்லா ஆழமா விழுந்திருக்குக்கா.”

“புது மெஷின் வாங்கியிருக்காங்கடா.”

“சொன்னேன்ல, சரியா செய்வாங்கன்னு.” தாளைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பத்து நாட்களில் முதல் முறையாக, மனைவி ஊட்டியதை முழுவதும் சாப்பிட்டார். அவள் தட்டைக் கழுவ எடுத்துப் போனவள் குழாயடியில் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

செப்டம்பர் இரண்டாம் தேதி அறுவைச் சிகிச்சை ஐந்து மணி நேரம் நடந்தது. தம்பி பிழைத்தார்.

தள்ளுபடி ஆணை அக்டோபர் பத்தாம் தேதி தபாலில் வந்தது. பல்லக்கா அதைக் கிழித்துப் பிளாஸ்டர் கழிவுத் தொட்டியில் போட்டார். நவம்பரில் கூட்டமைப்பு எல்லாத் தாள்களையும் ஆய்வுக்கு வரவழைத்தது. வேலைக்குப் போகும் வழியில் இரண்டு முறை திரும்பிப் பார்க்கும் பழக்கம் பல்லக்காவுக்கு அந்த மாதத்தில்தான் வந்தது. மூன்று வாரம் கழித்துத் தாள்கள் திரும்பி வந்தன. லாடத்தின் தாளோடு ஒரு குறிப்பு இணைக்கப்பட்டிருந்தது: “முத்திரை மிகத் தெளிவாக உள்ளது. பிற தாள்களிலும் இதே தரம் பேணப்பட வேண்டும்.” மனுவைத் தள்ளியது நான்காம் மாடி, முத்திரையைச் சரிபார்த்தது இரண்டாம் மாடி. ஒரு மாடியின் முடிவு மறு மாடிக்குத் தெரியாததுபோல ஒவ்வொன்றும் தனித்தனியே இயங்க வேண்டும் என்பது கூட்டமைப்பின் விதி.

கிரேன் ஏற வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டதால் தம்பிக்குக் கிடங்கில் உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்தார்கள். நேரம் நிறைய இருந்தது. டிசம்பர் முழுக்க விதிப் புத்தகத்தை அடிக்கோடு போட்டுப் படித்தார். ஜனவரியில் கூட்டமைப்புத் தேர்தலில் நின்றார். சாவின் விளிம்பில் கூட்டமைப்பு தனக்கு நியாயம் செய்ததை ஒவ்வொரு மேசையாகப் போய்ச் சொன்னார். நல்ல வித்தியாசத்தில் வென்றார். அவரை இருவழி மந்திரக் கற்றல் உபகுழுவில் போட்டார்கள்.

“இப்பவாவது சொல்லிடுங்க அண்ணி,” என்றாள் தம்பி மனைவி. அவளுக்கு எப்போது தெரியும் என்று பல்லக்கா கேட்கவில்லை.

“சொன்னா என்ன ஆகும்?”

அவள் கணவருடைய சட்டையை மடித்துக்கொண்டே யோசித்தாள். “டாக்டர் அதிர்ச்சி கூடாதுன்னு சொல்லியிருக்காரு,” என்றாள் கடைசியில்.

பிப்ரவரி இருபதாம் தேதி உபகுழு கூடியது. மின்தூக்கி பழுது. தனியாகப் படி ஏற வேண்டாம் என்பதால் பல்லக்கா தம்பியைக் கைப்பிடித்து நான்கு மாடி ஏற்றிவிட்டு, பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்தார். அன்று ஏழு மனுக்கள். ஐந்தாவது மனுதாரர் ஒரு பேக்கரித் தொழிலாளி. அக்குளில் மருத்துவமனைக் கோப்பு ஒன்றை இடுக்கிக்கொண்டிருந்தார். அதைத் திறக்கப் போனபோது தலைவர், ஆட்கள் எங்கள் வரம்புக்குள் வர மாட்டார்கள் என்று கனிவாகச் சொல்லித் தடுத்தார். பிறகு புதிய உறுப்பினரைப் பேசச் சொன்னார்.

தம்பி எழுந்து நின்றார். “உங்க கஷ்டம் எனக்குப் புரியும்ங்க. நானே அந்த நிலைமையில கெடந்தவன். என் பாத்திரம் செத்துக் கெடந்தப்ப எங்க அக்கா ஒரு குறுக்கு வழியும் போகல. எல்லாச் சன்னலுக்கும் போனாங்க, எல்லாத் தேர்வும் எழுதினாங்க, காத்திருந்தாங்க. கடைசி நாள்ல கிடைச்சுது. உங்களுக்குக் கிடைக்கலன்னா, நீங்க எங்கயோ ஒரு படியை விட்டிருக்கீங்கன்னு அர்த்தம். அமைப்பு மேல தப்பு இல்ல.”

தலைவர் மேசையைத் தட்டி ஆமோதித்தார். தங்கள் கோப்பில் இந்த மனிதரின் அக்காவுக்கு எதிராக ஓர் ஆணை இருப்பது அவருக்கு நினைவில்லை.

தாழ்வாரத்தில் பேக்கரித் தொழிலாளி பல்லக்காவை நிறுத்தினார். “அந்த அக்கா நீங்கதானாம்மா?”

“ஆமாங்க.”

“என் பொண்ணோட பாத்திரம்மா. பதினாறு வயசு. நானும் எல்லாச் சன்னலுக்கும் போயாச்சு. நீங்க கடைசில என்ன பண்ணினீங்க? அத மட்டும் சொல்லுங்க.”

அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே தம்பி, பக்கத்து உறுப்பினரிடம் விதிப் புத்தகத்தில் ஏதோ ஒரு பக்கத்தைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். முகத்தில் நல்ல நிறம் வந்திருந்தது.

“காத்திருந்தேங்க,” என்றார் பல்லக்கா.

தொழிலாளி தலையாட்டிவிட்டு, அறிவிப்புப் பலகையில் உபகுழுவின் அடுத்த கூட்டத் தேதியைப் பார்க்கப் போனார். ஏழு மனுக்களும் தள்ளுபடி செய்யப்பட்டன. கூட்டம் பன்னிரண்டு மணி பத்து நிமிடத்துக்கு முடிந்தது.